ஹட்டனில் ஒரு டிஸ்பென்சரி: மெடிக்கல் துண்டை இப்படியும் எழுதலாம்

மெடிக்கல், அதாவது வேலை இடத்துக்குக் காட்டும் மருத்துவச் சான்றிதழ்த் துண்டு, எடுக்க ஹட்டனில் எந்த டொக்டரிடம் போகலாம் என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. நான் தேயிலைத் தோட்டக் காரியாலயத்தில் செக்ரோல், அதாவது வரவு, சம்பளப் பதிவு, பார்ப்பவன். சுற்றுவட்டார டொக்டர்மார் எழுதும் சான்றிதழ்கள் எல்லாம் கடைசியில் என் மேசைக்குத்தான் வந்து சேரும். யாருடைய துண்டைப் பார்த்தால் தோட்ட மனேஜரான துரை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வார், யாருடையதைப் பார்த்தால் உதட்டைப் பிதுக்குவார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு நானே போய் வந்த பிறகு இந்த டிஸ்பென்சரியைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

பெயரை மட்டும் போடவில்லை. எழுதட்டுமா என்று டொக்டரிடம் கேட்டேன். "எழுதுங்க, பேர் வேணாம். பேரைப் போட்டா துண்டுக்காக மட்டும் வர்ற கூட்டம் கூடிரும், வருத்தக்காரரைப் பார்க்க நேரம் இருக்காது" என்றார். நியாயம்தான். ஹட்டன் டவுனுக்குள்ளேயே, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. விசாரித்தால் தெரிந்துவிடும்.

முதலில் துண்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாதாரணமாக எங்களுக்கு வருவதில் ஒரு வரிதான் இருக்கும். யாராலும் வாசிக்க முடியாத எழுத்தில் நோயின் பெயர், இத்தனை நாள் ஓய்வு, கையெழுத்து, முத்திரை. ஓய்வு முடிந்து வருகிறவருக்கு என்ன வேலை கொடுக்கலாம், எவ்வளவு தூக்கலாம், பள்ளம் மேடு ஏறலாமா, ஒன்றும் இருக்காது. 14 நாள் ஓய்வு என்றால் 15ஆம் நாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். அதே மலை, அதே சாக்கு. அந்த வாரமே மறுபடி வலியோடு திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர்.

இந்த டொக்டரின் துண்டு ஒரு அரைத்தாள். தமிழிலும் ஆங்கிலத்திலும் அவரே அச்சடித்து வைத்திருக்கிறார். மேலே பெயரும் பார்த்த திகதியும். அதன் கீழே செய்யக் கூடாதது என்று ஒரு கட்டம், செய்யலாம் என்று ஒரு கட்டம், எந்தத் திகதி வரை, மறுபடி எப்போது பார்க்க வேண்டும். கடைசியில் கையெழுத்தும், மருத்துவச் சபைப் பதிவு இலக்கத்தோடு முத்திரையும். கார்பன் வைத்து ஒரு பிரதி அவரிடமே நிற்கும். அதனால் 4 ஐ 14 ஆக்கிக்கொண்டு வருகிற வேலை இவரிடம் நடக்காது. சந்தேகம் வந்தால் ஒரு கோல் எடுத்துக் கேட்டுக்கொள்ளலாம்.

நோயின் பெயர் அந்தத் தாளில் இல்லை. வேலை செய்கிற இடத்துக்குத் தேவையானது என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதுதான், நோய் என்ன என்பது நோயாளிக்கும் தனக்கும் இடையில் இருக்கட்டும் என்கிறார். நோயாளியே எழுதச் சொன்னால் மட்டும் எழுதுவார். இதன் அருமை எங்களைப் போல காரியாலயத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். கருப்பை இறக்கம் என்று எழுதிய துண்டோடு ஒரு அக்கா வந்து நின்றதும், அது ஒவ்வொரு கையாக மாறி கணக்கப்பிள்ளை, கங்காணி என்று எல்லாருடைய கண்ணிலும் பட்டதும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. "10 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, 3 மாதத்துக்கு" என்று இருந்திருந்தால் அது போதும்.

பெரியம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். முப்பது வருடத்துக்கு மேலாகக் கொழுந்து எடுக்கிறவர். வலது தோளில் வலி. இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் பூசுகிற எண்ணெயும் வலி மாத்திரையும் கிடைத்தன. அப்புறம் வேறொரு டவுனில் ஒரு இடத்துக்குப் போனோம். இருக்கையில் உட்கார்ந்து முடியுமுன்னே "எத்தனை நாள் வேணும்?" என்று கேட்டார்கள். நாளுக்கு இவ்வளவு என்று கணக்கு. தோளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பெரியம்மா காசு கொடுக்காமலே எழுந்து வந்துவிட்டார்.

இங்கே டொக்டர் முதலில் தோளைப் பற்றிக் கேட்கவே இல்லை. "அம்மா, காலையில எத்தனை மணிக்கு எழும்புவீங்க?" என்று ஆரம்பித்தார். தண்ணீர் யார் எடுப்பது, மலைக்கு எவ்வளவு தூரம், ஒரு நாளைக்கு எத்தனை தரம் நிறுவை, நிறைந்த சாக்கைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு யார் சுமப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "வலி எட்டிப் புடுங்கும்போதா, கொழுந்தைப் பின்னால போடும்போதா?" என்று அவர் கேட்டதும் பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பின்னால் போடும்போதுதான். பிடுங்கிய கைப்பிடியைத் தோளுக்கு மேலால் முதுகுச் சாக்குக்குள் எறிகிற அந்த அசைவில்தான் அவருக்கு உயிர் போகும். இதுவரை எந்த டொக்டரும் அதைக் கேட்டதில்லை. டொக்டரின் அம்மாவும் கொழுந்து எடுத்தவராம். தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பேராதனை மருத்துவ பீடத்துக்குப் போனவர் இந்த டொக்டர்.

தலை சீவுகிற மாதிரிக் கையைத் தூக்கச் சொன்னார். முதுகுப் பக்கம் சட்டைக்கு ஊக்குப் போடுகிற மாதிரிக் கையைக் கொண்டுபோகச் சொன்னார். இரண்டு கையையும் ஒப்பிட்டுப் பார்த்து எழுதிக்கொண்டார். பிறகு அறையின் மூலையிலிருந்து ஒரு கொழுந்துச் சாக்கை எடுத்தார். கயிறு கட்டிய, பாவித்துப் பழசான, உண்மையான சாக்கு. பக்கத்தில் மணல் நிரப்பித் தைத்த சிறு பைகள், ஒவ்வொன்றும் 2 கிலோ. கயிற்றைத் தலையில் மாட்டச் சொல்லி ஒவ்வொரு பையாகப் போட்டார். இரண்டு, மூன்று, நான்கு. அவர் தோளை மட்டும் பார்க்கவில்லை. முகத்தையும் காலையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது பை விழுந்ததும் பெரியம்மாவின் இடது கால் தானாகப் பக்கத்துக்கு நகர்ந்தது. வாய் "இன்னும் ஏலும் ஐயா" என்றது. "போதும்மா, இறக்கி வைங்க" என்றார்.

எழுதியது இவ்வளவுதான்: 8 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது, வலது கையைத் தோள் மட்டத்துக்கு மேல் தூக்கி வேலை செய்யக் கூடாது. கன்று வளர்க்கும் தவறணையில் பை நிரப்பலாம், கன்றுக்குத் தண்ணீர் ஊற்றலாம், களை பிடுங்கலாம். 6 கிழமைக்கு. மூன்றாவது கிழமை வந்து காட்ட வேண்டும். கூடவே தோளுக்கு மூன்று பயிற்சிகள். சுவரில் விரலால் ஏறுவதை அங்கேயே செய்யவைத்துக் காட்டினார். முழு ஓய்வு ஏன் இல்லை என்று நான் கேட்டேன். தோளை அசைக்காமலே வைத்திருந்தால் இறுகிப்போகும், முதுகு வலி என்றாலும் அப்படித்தான், படுத்தே கிடப்பவரைவிட ஏலுமான அளவு நடமாடுகிறவருக்குத்தான் சீக்கிரம் சுகம் வரும் என்றார்.

எங்களுக்குப் பின்னால் ஆட்கள் குறைவாக இருந்ததால் கொஞ்ச நேரம் பேசக் கிடைத்தது. துண்டு எழுதுவதுதான் இந்தத் தொழிலிலேயே கஷ்டமான வேலை என்றார். காய்ச்சலுக்கு மருந்து எழுதும்போது அவர் நோயாளியின் பக்கம் மட்டும்தான். துண்டு எழுதும்போது அதே நாற்காலியில் நீதவானாகவும் உட்கார வேண்டியிருக்கிறது. "வலியை அளக்க என்கிட்ட மீற்றர் இல்லை. ஆனா கை எவ்வளவு தூரம் போகுது, கால் எங்க தடுமாறுதுன்னு பார்க்கலாம். அதைப் பார்க்காம எழுதினா அது பொய்யாகவும் இருக்கலாம், அநியாயமாகவும் இருக்கலாம்."

பின்திகதி போட்டுத் தரச் சொல்லிக் கேட்பவர்கள் அவருக்குப் பெரிய தலையிடி. போன கிழமை வேலைக்குப் போகவில்லை, இன்றைக்கு வந்து போன கிழமையிலிருந்து எழுதச் சொல்வார்கள். பார்த்த திகதியைத்தான் போடுவார். "போன கிழமையிலிருந்து சுகமில்லை என்று நோயாளி சொல்கிறார்" என்று வேண்டுமானால் சேர்ப்பார். அதற்கே சிலர் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போவார்களாம். சின்ன டவுன். இன்று மறுத்த ஆளை நாளை மரக்கறிக் கடையில் பார்க்க வேண்டும், மாரியம்மன் திருவிழாவில் பக்கத்தில் நிற்க வேண்டும். கொழும்பில் இருக்கும் டொக்டருக்கு இந்தச் சங்கடம் இவ்வளவு இருக்காது.

உடம்பில் ஒன்றும் இல்லாமல் துண்டு கேட்டு வருகிறவர்களை அவர் விரட்டுவதில்லை. வீட்டில் குடி, அடி, கடன், தூக்கம் இல்லாமை என்று ஏதாவது ஒன்று அடியில் இருக்கும், அதைக் கேட்காமல் இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தால் மூன்றாம் நாளும் அதே கஷ்டம்தானே என்கிறார்.

ஆனால் அவர் சொன்னதில் என்னை உலுக்கியது வேறு. லீவு கேட்பவர்களைவிட லீவு வேண்டாம் என்பவர்களால்தான் அவருக்குத் தலைவலி. டொக்டர்மார் சான்றிதழ் எழுதுவது பற்றிப் பேச்சு வந்தாலே, நடிக்கிறவனை எப்படிக் கண்டுபிடிப்பது என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். மலைநாட்டில் அவர் கண்டுபிடிக்க வேண்டியது நோயை மறைப்பவர்களை. நெஞ்சு அடைக்கிறது என்று வந்த பெண், டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றதும், "சம்பளம் முடிஞ்சு போறேன் ஐயா" என்றாராம். வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது, அதாவது கூலி பதியப்படாது என்பது எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடையிலோ ஒபீசிலோ வேலை செய்பவருக்கு 1954 இன் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தில் சுகவீனம் போன்ற காரணங்களுக்கு வருடத்தில் 7 நாள் லீவு இருக்கிறது. நாட்கூலிக்காரருக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போனதுதான். அது போதாதென்று வரவுக் கொடுப்பனவு. தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் செய்த 2013 கூட்டு உடன்படிக்கையில் நாளுக்கு அடிப்படை 450 ரூபாய், வரவுக்கு 140 ரூபாய். மாதத்தில் கொடுத்த வேலை நாளில் நூற்றுக்கு 75 வந்தால்தான் அந்த 140. 2019 இல் வரவுக் கொடுப்பனவையே நீக்கிவிட்டார்கள். இப்போது 2026 வரவுசெலவுத் திட்டத்தில் 1,550 ரூபாய் நாட்சம்பளத்தோடு வரவுக்கு 200 ரூபாய் என்று மறுபடி அறிவித்தார்கள். அந்தக் காசு தேவைதான், வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் காய்ச்சலோடு பெரட்டுக்கு வந்து நிற்கிறவர்களைத் தினமும் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: வருகைக்குக் காசு வைத்தால் நோயாளியும் வருவார்.

டொக்டர் சில வருடங்கள் இங்கிலாந்தில் வேலை செய்தவர். இந்த அரைத்தாளின் யோசனை அங்கிருந்துதான் வந்ததாம். அங்கே 2010 ஏப்ரலில் பழைய சுகவீனத் துண்டை மாற்றினார்கள். வேலைக்கு ஏலாது என்று மட்டும் எழுதுவதற்குப் பதிலாக, சில மாற்றம் செய்தால் ஏலும் என்றும் டொக்டர் எழுதலாம்: கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவது, நேரத்தை மாற்றுவது, வேலையை மாற்றுவது, வேலை செய்யும் இடத்தில் வசதி செய்வது. முதல் 7 நாளுக்கு டொக்டரிடமே போகத் தேவையில்லை, ஆளே தன் கைப்பட எழுதிக் கொடுத்தால் போதும். 2022 ஜூலையிலிருந்து தாதியரும் பிசியோதெரபிஸ்ட்மாரும்கூடக் கையெழுத்து வைக்கலாம். சுவீடனில் 2007 இல், எந்த நோய்க்கு எவ்வளவு காலம் ஓய்வு என்று டொக்டர்மாருக்கு நாடு முழுவதற்கும் ஒரு வழிகாட்டி கொடுத்தார்கள். அங்கேயும் டொக்டர்மாருக்கு இதே கஷ்டங்கள்தான் என்றார். வேலை செய்யும் இடத்தைப் பார்க்காமல் வேலைக்கு ஏலுமா என்று எழுதச் சொல்கிறார்கள் என்பதுதான் எல்லா இடத்திலும் முதல் முறைப்பாடாம்.

அதற்கு இவர் கண்டுபிடித்த வழி ரொம்பச் சாதாரணமானது: போனை எடுத்துக் கேட்பது. இவரை எனக்குத் தெரியவந்ததும் அப்படித்தான். முதுகு வலியோடு போன, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்காரர் ஒருவருக்காக, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எங்கள் காரியாலயத்துக்கு அழைத்து, "தம்பி, உங்க தோட்டத்துல இப்ப தவறணை வேலை ஓடுதா? குனியாம செய்யிற வேலை என்ன இருக்கு?" என்று கேட்டார். ஆளுக்கு என்ன வருத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் இந்த மேசையில் உட்கார்ந்த காலத்தில் வேறெந்த டொக்டரும் அப்படிக் கேட்டதில்லை.

வேலையில் காயம் பட்டவர்களுக்கு இன்னொரு விஷயம். குளவிக் கொட்டு, சறுக்கி விழுவது, ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) மெஷினில் கை மாட்டுவது எல்லாம் 1934 இன் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்துக்குள் வரலாம். அதன் அட்டவணையில் எந்த உறுப்பு போனால் உழைக்கும் திறனில் நூற்றுக்கு எவ்வளவு இழப்பு என்று எண் போட்டிருக்கிறது. அந்த எண்ணுக்கு ஆள் என்ன தொழில் செய்கிறார் என்று தெரியாது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளினால்தான் கொழுந்தின் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கைக்கு வரும். ஆள்காட்டி விரல் போனால் என்னைப் போல கணக்கு எழுதுபவனுக்குப் பேனையைப் பிடிக்கும் விதம் மாறும், கொழுந்து எடுப்பவருக்குத் தொழிலே மாறும். டொக்டர் இதைச் சொல்லிவிட்டு, அதனால்தான் காயம் பட்ட அன்றைக்கே வந்து பதிய வேண்டும், எந்தக் கை, எந்த வேலை, எப்படி நடந்தது என்று முதல் துண்டிலேயே இருக்க வேண்டும் என்றார். ஆறு மாதம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதும் துண்டுக்குப் பலம் இல்லை. இதை வாசிப்பவர்கள் தயவுசெய்து வீட்டில் சொல்லி வையுங்கள்.

சரி, குறைகள். படி. மாடிக்கு ஏறும் படி செங்குத்து, ஒரு பக்கம்தான் கைபிடி. முழங்கால் வலியோடு வருகிறவர்கள் அதில் ஏறுவதைப் பார்க்கவே பாவமாக இருக்கிறது. கீழே ஒரு அறை கிடைக்கவில்லை என்கிறார். கிடைக்கும் வரை கீழே இறங்கி வந்து பார்க்கவாவது ஒரு ஏற்பாடு வேண்டும். காத்திருக்கும் நேரம் அதிகம். ஒவ்வொருவரையும் இப்படிப் பார்த்தால் அப்படித்தான் ஆகும், ஆனால் பொகவந்தலாவையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ வருகிறவருக்கு அரை நாள் போய்விடும். நம்பர் கொடுக்கும் பிள்ளை போனில் நம்பர் தருவதில்லை. பார்க்க 1,500 ரூபாய், மருந்து வேறு. துண்டுக்குத் தனியாக எடுப்பதில்லை. அன்றாடக் கூலிக்காரருக்கு 1,500 சின்னக் காசு இல்லை. ஏலாதவர்களிடம் குறைத்து எடுப்பதை நானே பார்த்தேன், ஆனாலும் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் கேட்கமாட்டார்கள்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது; அது டொக்டரின் கையில் மட்டும் இல்லை. இப்படி விவரமாக எழுதிய துண்டு, இலேசான வேலை கொடுக்க மனம் உள்ள இடத்தில்தான் செல்லும். பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இதே மாதிரித் துண்டோடு போன பெண்ணிடம், "அப்படீன்னா முழுசா சுகமான பிறகு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓய்வு என்று இரண்டு கிழமைக்கு எழுதியிருந்தால் இரண்டு கிழமைக் கூலிதான் போயிருக்கும். இதில் 6 கிழமை போகும் நிலை வந்தது. டொக்டர் பேசிப் பார்த்தும் அங்கே எடுபடவில்லை. தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போன பிறகுதான் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் உதவி வேலை கிடைத்தது. ஆகவே என் ஆலோசனை: துண்டு எழுதுமுன் உங்கள் தோட்டத்தில் என்ன இலேசான வேலை இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு போய் டொக்டரிடம் சொல்லுங்கள். அவர் அதை வைத்து எழுதுவார்.

பெரியம்மாவுக்கு எங்கள் துரை தவறணையில் வேலை கொடுத்தார். பேர் முழுதாக விழுந்தது. மூன்றாவது கிழமை போனபோது கை காது வரைக்கும் உயர்ந்தது. அதே சாக்கு, அதே மணல் பை. இந்த முறை ஆறு பை வரைக்கும் கால் அசையவில்லை, துண்டில் 8 கிலோ 12 ஆனது. 6 கிழமை முடிந்தபோதும் 20 கிலோ நிறுவைக்கு ஏலாது என்றுதான் டொக்டர் எழுதினார். சாக்கு நிறையுமுன் நிறுக்கக் கொண்டுபோக விட வேண்டும் என்று சேர்த்திருந்தார். கங்காணிக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் எழுத்தில் இருப்பதை அவரால் மறுக்க முடியவில்லை. இப்போது பெரியம்மா மறுபடி மலையில். தோள் முழுக்கச் சுகம் என்று சொல்லமாட்டேன், இரவில் தூங்குகிறார்.

ஒரு நாள் காய்ச்சலுக்கு லீவுத் துண்டு மட்டும் வேண்டுமென்றால் இங்கே போகாதீர்கள், உங்களுக்கும் நேரம் வீண், அவருக்கும் வீண். கை, கால், முதுகு, மூச்சு என்று வேலையோடு சம்பந்தப்பட்ட வருத்தம் என்றால் தயங்காமல் போங்கள். கிளினிக் கொப்பி, பழைய எக்ஸ்ரே, குடிக்கிற மாத்திரைகளின் உறைகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். திங்கட்கிழமை கூட்டம் தாங்காது. புதன், வியாழன் பரவாயில்லை. பின்னேரம் 4 மணிக்குத் திறப்பார், நம்பர் 3 மணியிலிருந்து கொடுப்பார்கள். பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் பூட்டு.